எரிச்சல் நின்ற பிறகு

மாரினுஸ் கொட்டே பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வுபெற்றவர். நெதர்லாந்தின் கூஸ் நகரிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் கடைசி வண்டி பல ஆண்டுகள் அவருடையதாகவே இருந்தது. வண்டியை நிறுத்திவிட்டு வீடு திரும்பியதும் உருளைக்கிழங்கும் பன்றியிறைச்சியும் வயிறு நிறைய உண்டு, உடனே படுத்துவிடுவார். நெஞ்செரிச்சல் அப்படித்தான் அவரிடம் குடிபுகுந்தது. மருத்துவர் மாத்திரை தந்தார். ஆனால் அவர் பெரிதும் நம்பியது பெப்பர்மின்ட் மிட்டாயை. எங்கள் தேவாலயத்தில் போதகர் பிரசங்கத்தைத் தொடங்கியவுடன் ஒவ்வொரு வரிசையிலும் காகிதத்தில் அடுக்கிச் சுற்றிய மிட்டாய்ச் சுருள் கைமாறும். பிரசங்கம் முடியும்வரை அதை வாயில் அடக்கிக்கொண்டு கேட்பது ஊர் வழக்கம். வாய் குளிர்ந்தால் நெஞ்சும் குளிரும் என்பது மாரினுஸின் கணக்கு.

மனைவி நேல்ச்யே இறந்த அடுத்த ஆண்டு எரிச்சல் தானாகவே நின்றுபோனது. குணமாகிவிட்டது என்று கருதி மாத்திரையை நிறுத்திவிட்டார். சில மாதங்களில் ரொட்டி நெஞ்சில் தங்கத் தொடங்கியது. காப்பியில் நனைத்து விழுங்கினார். பிறகு அதுவும் இறங்கவில்லை. மோர்க்கஞ்சியே உணவாயிற்று.

ஓர் அடக்கத்திற்குப் பின் நடந்த விருந்தில் இறைச்சி வைத்த ரொட்டித் துண்டு சிக்கிக்கொள்ள, அவர் வெளியே ஓடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆராதனை முடிந்ததும் ஒருவரையொருவர் வீட்டுக்கு அழைத்துக் காப்பி குடிப்பது எங்கள் ஊர் ஞாயிறு வழக்கம்; அன்றுமுதல் அதற்கு யார் அழைத்தாலும் மறுத்தார். மனைவியை இழந்தவர், தனிமையை விரும்புகிறார் என்று ஊர் எண்ணிக்கொண்டது. ஒருவர் ஒதுங்கினால் அவரை ஒதுங்க விடுவதே எங்களிடையே மரியாதை. மெல்ல மெல்ல அழைப்புகள் நின்றன. மேசையில் எதிரே நேல்ச்யேவின் காலி நாற்காலியைப் பார்த்தபடி அவர் கஞ்சி குடித்தார். பிறரோடு சேர்ந்து அவர் உண்ட ஒரே பொருள் அந்த மிட்டாய்தான்.

ஒரு ஞாயிறு, இருமலை அடக்க முயன்றபோது பாதி கரைந்த மிட்டாய் வழுக்கி உள்ளே போய் நின்றுவிட்டது. பிரசங்கத்தின் நடுவே எழுந்து போவது எங்கள் ஊரில் நடவாத காரியம். அவரும் எழவில்லை. விழுங்க முடியாத எச்சிலைக் கைக்குட்டையில் வாங்கியபடி, வியர்த்து, அசையாமல் அமர்ந்திருந்தார். மிட்டாய் கரைந்து இறங்கியபோது இறுதிப் பாடலும் முடிந்திருந்தது.

பக்கத்து இருக்கையில் இருந்த முதியவள் பீட்டர்னெல்லா எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். வாசலில் அவரை மறித்தாள்.

"ஏம்ப்பா, ஒரு மிட்டாயே உள்ள போகலியே, வீட்ல என்னத்தத் தின்னு உசுரோட இருக்க?"

"கஞ்சி குடிக்கிறேன். அது போதுமே."

"கன்னுக்குட்டிகூட இதைவிட நல்லாத் திங்கும். நாளைக்கு டாக்டர்கிட்ட போற. கார் நான் ஓட்டுறேன். நீ பஸ் ஓட்டின கதையெல்லாம் சொல்லாம பேசாம உக்காந்து வா."

மருத்துவமனையில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். உணவுக்குழாயின் அடிப்பகுதி தழும்பேறிச் சுருங்கியிருந்தது. பலூனால் அதை விரித்து, சிறு துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். புற்று இல்லை, ஆனால் அது வரக்கூடிய இடமாக மாறியிருந்தது. எரிச்சல் எப்போது நின்றது என்று இளம் மருத்துவர் கேட்டார். மாரினுஸ் சொன்னதும் மருத்துவர் விளக்கினார்.

"அது குணமாகி நிக்கலைங்க. அமிலம் பட்டுப் பட்டு உள்தோலே வேற மாதிரி மாறிடுச்சு. இந்தத் தோலுக்கு எரியிறது அவ்வளவாத் தெரியாது."

மாத்திரையை இனி விடக்கூடாது. குறித்த காலத்தில் மறுபடி குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்றார். பெப்பர்மின்ட் இரைப்பையின் வாயைத் தளர்த்தி அமிலத்தை மேலே விடும் என்பதையும் அப்போதுதான் மாரினுஸ் அறிந்தார்.

அடுத்த சில வாரங்களில் ரொட்டி இறங்கத் தொடங்கியது. ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் அவர் தேவாலய வாசலில் நின்றார். ஒவ்வொருவரும் அன்போடு தலையசைத்துக் கடந்துபோயினர். யாரும் அழைக்கவில்லை. மறுப்பார் என்பதுதான் எல்லோருக்கும் பழகிவிட்டதே. கடைசியாகப் பீட்டர்னெல்லா வந்தாள். எங்கள் ஊரில் எவரும் கேட்காத ஒன்றை அவர் கேட்டார்.

"இன்னைக்கு உங்க வீட்டுக்குக் காப்பி குடிக்க வரட்டுமா?"

அவள் சற்றுத் திகைத்தாள். மகன் குடும்பம் வருவதாகவும் நாற்காலிகள் அத்தனையும் நிரம்பிவிடும் என்றும் சொன்னாள்.

"புதன்கிழமை பத்து மணிக்கு வாப்பா. கேக் சுடுறேன். மிச்சம் வைக்கக்கூடாது, ஆமா."

மாரினுஸ் நன்றி சொல்லிவிட்டு வீட்டிற்கு நடந்தார். ரொட்டியில் வெண்ணெய் தடவி, சிறு சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றையும் நன்றாக மென்று விழுங்கினார். எதுவும் சிக்கவில்லை. அதைச் சொல்லப் புதன்வரை ஆளில்லை.