கனகசபைக்கு ஒரு ஞானஸ்நானம்

1942இல், சித்திரை வருஷம் பிறக்கச் சில நாட்களே இருக்க, யப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்டான். ஊரே தம்பலகாமத்துப் பக்கம் ஓடியது. பூரணியும் ஓடினாள். அவளுடைய புருஷன் கனகசபை மட்டும் ஓடவில்லை. சாராயத் தவறணையைப் பூட்டாமலே அதன் முதலாளி ஓடிவிட்டார். இப்படியொரு அதிர்ஷ்டம் இனி வாய்க்காது என்று கனகசபை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டான். குண்டு தவறணையின் மேலேயே விழுந்தது.

திரும்பி வந்த ஊர் கூடி அழுதது. கலியாணம் முடித்த நாளிலிருந்து அடி வாங்கிய பூரணியும் ஒப்புக்கு அழுதாள். பிறகு கடற்படை டொக்யாட் வாசலில் தேத்தண்ணிக் கடை போட்டாள். இரவில் வாசல் படலை திறக்கும் சத்தத்துக்குப் பயப்படாமல் நித்திரை கொண்டாள். அவள் சந்தோஷமாக இருந்தாள். அதை வெளியில் சொல்லத்தான் வழியில்லை. விதவைக்கு ஊர் அனுமதித்திருந்தது வெள்ளைச் சேலையும் பெருமூச்சும் மட்டுமே.

இரண்டு வருஷம் கழித்து ஓர் அமெரிக்க மாலுமி கடைக்கு வரத் தொடங்கினான். பெயர் லீலண்ட். மோர்மன் என்ற மதத்துக்காரன். அப்பம் சாப்பிடுவான், குடிப்பதற்கு வெறும் சுடுதண்ணி கேட்பான். தேயிலை, கோப்பி, சாராயம், சுருட்டு எதுவும் அவர்களுக்கு ஆகாதாம். தேத்தண்ணிக் கடைக்காரிக்கு இதைவிட அவமானம் வேறென்ன வேண்டும்? ஆனாலும் நல்ல பிள்ளை. அவன் பேசுவதைப் பக்கத்துக் கடை முஸ்லிம் தையற்காரர் முனாப் தமிழில் சொல்வார்; அண்ணன் முறைக்கு அவரைப் பூரணி ‘நானா’ என்பாள். மாலுமிகளின் காற்சட்டைகளைத் தைத்துத் தைத்து இங்கிலீஷ் பிடித்துக்கொண்டவர் அவர்.

ஒருநாள் லீலண்ட் தன் பூட்டன் ஏழு பெண்களைக் கலியாணம் முடித்ததாகப் பெருமையாகச் சொன்னான். அந்தக் காலத்தில் அப்படிச் செய்யச் சொன்னவர் கடவுளாம். பிறகு அரசாங்கம் சட்டம் போட்டு இறுக்க, போதும் என்று சொன்னவரும் கடவுளாம்.

“நாங்க நாலோட நிப்பாட்டிட்டம்,” என்றார் முனாப், சற்றுப் பொறாமையோடு.

“அந்த ஏழு பேரும் இப்ப மேல அவரோடதானோ?” என்று பூரணி கேட்டாள்.

ஓம், அவர்கள் முறைப்படி கட்டிவைத்தால் சாவும் பிரிக்காது, என்றென்றைக்கும் ஒன்றுதான் என்றான் லீலண்ட்.

“ஏழு பேரும் சமைக்கிறது ஒரே குசினியிலயோ?”

லீலண்ட் சுடுதண்ணியை எடுத்துக் குடித்தான்.

பூரணி விதவை என்று அறிந்த அன்று அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அழவேண்டாம் என்றான். அவள் அழவில்லை. அமெரிக்காவில், யூட்டாவில் உள்ள அவர்களுடைய கோயிலில், செத்தவனுக்குப் பதிலாக உயிரோடிருக்கும் ஒருவன் தண்ணீரில் மூழ்கி ஞானஸ்நானம் எடுப்பானாம். பிறகு அவளுக்கும் அந்தப் புருஷனுக்கும் முடிவே இல்லாத கலியாணம் கட்டிவைப்பார்களாம். நாங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்து அனுப்பினால் அனுப்பினதுதான். இவர்கள் போனவனைக் கூப்பிட்டுக் கையில் தருகிறார்கள்.

லீலண்ட் பென்சிலை எடுத்து, புருஷனுடைய பெயரைக் கேட்டான்.

“எங்கட பொம்பிளையள் புருஷன்ர பேரைச் சொல்ல மாட்டம்,” என்றாள். பத்தினித்தனம் இவ்வளவு உதவும் என்று அவள் அதுவரை நினைத்ததில்லை.

“அதுக்கென்ன, நான் சொல்றன்,” என்று முனாப் சொல்லிக்கொடுத்துவிட்டார். உபகாரிகளிடமிருந்து யார்தான் தப்பமுடியும்? லீலண்ட் எழுதிக்கொண்டான்.

பூரணி முனாப் பக்கம் திரும்பினாள். “நானா, அங்க சாராயம் இருக்கோ எண்டு கேளுங்கோ.”

இல்லவே இல்லையாம்.

“அப்ப அவர் வரமாட்டார்,” என்று மூச்சு விட்டுவிட்டு அப்பச் சட்டிக்குத் திரும்பினாள்.

லீலண்ட் விடவில்லை. வெகுநேரம் உருக்கமாகப் பேசினான். முனாப் அதே உருக்கத்தோடு தமிழில் சொன்னார்.

“செத்தவங்களுக்கு அங்க நல்லாப் படிச்சுக் குடுப்பாங்களாம், தங்கச்சி. உங்கட மனிசன் குடிய விட்டு, அடிக்கிறதையும் விட்டு, முழுசாத் திருந்தி, உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருப்பாராம்.”

பூரணி கையைத் துடைத்துக்கொண்டு லீலண்டின் முகத்தை நேரே பார்த்தாள்.

“தம்பிக்குச் சொல்லுங்கோ, நானா. திருந்தின மனிசன் ஆரெண்டு எனக்குத் தெரியாது. முன்னப்பின்னத் தெரியாத ஆம்பிளையோட நான் போகமாட்டன்.”