சுக்கா எலும்பு

ஹோலி முடிந்த வாரத்தில்தான் தாராவியில் எங்கள் ஏழு மாடிக் கட்டடத்தின் வாசலுக்கு இரண்டு டிரம்கள் வந்தன. இந்தியில் எல்லாரும் சொல்லும் சொற்களையே தமிழெழுத்தில் போர்டு எழுதி ஒட்டினோம்: ஈரக் குப்பைக்குக் ‘கீலா’, உலர்ந்ததற்குச் ‘சுக்கா’.

உலர்ந்த குப்பையைத் திங்கள்தோறும் டெம்போவில் எடுத்துப்போனவர் பிளாஸ்டிக் அரைக்கும் பட்டறை வைத்திருக்கும் பாய், மேலப்பாளையத்துக்காரர். ஈரக் குப்பை கலந்து வந்தால் எடுக்கமாட்டேன் என்று ஏற்கெனவே இரண்டு முறை எச்சரித்துவிட்டார். அவர் நின்றுவிட்டால் எல்லாம் பழையபடி கேட் ஓரம் மலையாகக் குவியும். மழை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

பக்ரீத்துக்கு அடுத்த திங்கள் காலை முதல் மூட்டையைப் பிரித்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“அண்ணாச்சி, இங்க வாரும்! பால் கவருக்குள்ள ஆட்டையே வச்சு அனுப்புதீயளோ?”

பார்த்தால், அழகாக முடிச்சுப்போட்ட பையில் எலும்புகள். கட்டடச் செயலாளரான நான் பையை வெளியே எடுப்பதற்குள் நாலாம் மாடி அக்கா இறங்கி வந்தார். ஊரிலிருந்து வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, இந்தி தெரியாது.

“அது நான் போட்டதுதான். என்ன தப்பு? கொழம்பு எலும்பக் கீலாவுல போட்டேன். சுக்கா எலும்பச் சுக்காவுல போட்டேன். போர்டுல அப்படித்தானே எழுதியிருக்கு?”

பாய் என்னைப் பார்த்தார். நான் போர்டைப் பார்த்தேன். அவர் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“யக்கா, பம்பாயிலேயே குப்பைய இவ்வளவு சுத்தமாப் பிரிச்சது நீங்க ஒரு ஆளுதான். போர்ட மாத்தும், அண்ணாச்சி. ‘திங்குறது, திங்காதது’ன்னு போடும்.”

“எலும்ப யாரு திம்பா?” என்றார் அக்கா.

அரை மணி நேர வாதத்துக்குப் பிறகு ‘அழுகும்’, ‘அழுகாது’ என்று முடிவாயிற்று.

“அடுத்த வாரமும் நாறுச்சுன்னா வரமாட்டேன், ஆமா,” என்று சொல்லிவிட்டுத்தான் பாய் டெம்போவைக் கிளப்பினார்.

அந்த வாரம் முழுக்க அக்கா மாடி மாடியாக ஏறிக் கதவைத் தட்டிப் புதுச் சொற்களை விளக்கினார். இளசுகளுக்குத் தமிழ் வாசிக்க வராது என்பதால் வாய்ப்பாடமாகவே நடந்தது.

திங்கள் காலை டெம்போ வந்தபோது மூட்டைக்குப் பக்கத்தில் அக்காவே நின்றார்.

“மோந்து பாருங்க, பாய்.”

பாய் தயங்கித் தயங்கிக் குனிந்தார்.

“என்னக்கா, சோப்பு வாசம்லா வருது!”

“பின்னே? எல்லார் வீட்டுப் பால் கவரையும் கழுவ வச்சேம்லா.”

அன்று எங்கள் மூட்டைகள் எல்லாமே டெம்போவில் ஏறின.