பதிமூன்றாம் நம்பர் லேபிள்

போன மாதம் விருதுநகரில் என் வீட்டுக்கு ஓர் இளைஞர் வந்தார். பழைய தீப்பெட்டி லேபிள் சேகரிக்கிறவராம். இப்படியும் ஒரு பொழுதுபோக்கு உண்டு என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நாங்கள் எடைக்குப் போட்டதையெல்லாம் அவர் கண்ணாடித் தாளில் சொருகி, ஆல்பம் ஆல்பமாக வைத்திருந்தார். அந்தக் காலத்தில் சிவகாசி அச்சகத்தில் வேலை பார்த்தவன் நான் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவர் பக்கத்தைப் புரட்டப் புரட்ட எனக்கு மூக்கில் பழைய வாசம் ஏறியது. மையும் மண்ணெண்ணெயும் கோந்தும் கலந்த வாசம். அந்தக் காகிதங்களில் ஒரு வாசமும் இல்லை என்பது வேறு விஷயம்.

"சார், இதைப் பாருங்க" என்று போனை நீட்டினார். கையகலத் திரையில் பாவாடை தாவணி கட்டிய ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். மெல்லச் சுற்றினாள். ஜடை பறந்தது. பாதி முகம் வந்தது, முக்கால் முகம் வந்தது, பிறகு நேருக்கு நேர் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

காபி டம்ளர் என் கையை விட்டு நழுவி மடியில் கொட்டியது. சுட்டதுகூட உடனே உறைக்கவில்லை.

"பதிமூணாம் நம்பர் உங்களுக்கு எங்க கெடைச்சது?" என்று கேட்டேன்.

"கெடைக்கல சார். எங்கிட்ட இருபத்துமூணு லேபிள்தான் இருக்கு. விட்டுப்போனதைக் கம்ப்யூட்டரே வரைஞ்சு நிரப்பிருச்சு. அசல் உங்ககிட்ட இருக்குமான்னு கேக்கத்தான் வந்தேன்."

இல்லை என்றேன். ஏன் இல்லை என்று அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். எம். புதுப்பட்டியிலிருந்து தினமும் பஸ் பிடித்துச் சிவகாசி அச்சகத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் பிள்ளை நான். எனக்கும் வாத்தியார் வேலை வாங்கிவிட வேண்டும் என்று அப்பா நடையாய் நடந்தார். நானோ கையில் மை ஏறினால்தான் சோறு இறங்கும் என்ற நிலைமைக்கு வந்திருந்தேன். ஓர் அச்சுத் தகட்டுக்கு இருபத்துநாலு லேபிளை வரிசையாக அடுக்கி ஒட்டுவது என் வேலை. மயிரிழை கோணினாலும் வெட்டும்போது ஓரம் போய்விடும். என் அடுக்கில் ஒரு நாளும் ஓரம் போனதில்லை. அந்தக் கர்வம் எனக்கு நிறைய இருந்தது.

எங்களிடம் லேபிள் அடித்த தீப்பெட்டிக் கம்பெனி முதலாளி ஒருமுறை பம்பாய் போய்விட்டு, உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு புத்தகத்தோடு வந்தார். கட்டைவிரலால் பக்கங்களைச் சரசரவென்று விட்டால் அதில் ஒரு குதிரை ஓடியது. மிஷினை நிறுத்திவிட்டு எல்லோரும் கூடிவிட்டோம். எங்கள் மிஷின்காரர், பெரிய மனிதர், புத்தகத்தை வாங்கிப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். குதிரை அங்கே வந்திருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. சிரிக்காதீர்கள், நானும் எட்டிப் பார்த்தேன்.

"இதை நம்ம லேபிள்ல அடிக்கணும்யா" என்றார் முதலாளி. "இருபத்துநாலு பெட்டி சேத்தா ஒரு சினிமா. அம்புட்டையும் கொண்டாந்து காட்டுறவனுக்கு ஒரு சைக்கிள்!"

படம் பிடிக்கும் வேலை விருதுநகரில் ஸ்டுடியோ வைத்திருந்த தேவசகாயம் அண்ணாச்சிக்குப் போனது. அவர் ஊமைப்படக் காலத்தில் டென்ட் கொட்டகையில் கையால் மிஷின் சுற்றியவர். வீட்டுக்குப் போக அவசரம் என்றால் வேகமாகச் சுற்றிவிடுவாராம். அன்றைக்குக் கதாநாயகி சாகக் கிடக்கும்போதுகூடத் துள்ளித் துள்ளித்தான் சாவாள் என்பார். திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்லுகிறவர் ஈடுகொடுக்க முடியாமல் இவரை ஏசுவாராம். குதிரை ஓடும்போது நாலு காலும் தரையை விட்டு எழும்புமா என்று பார்க்க ஒரு வெள்ளைக்காரன் வரிசையாகக் காமிராக்களை நிறுத்திவைத்துப் படம் பிடித்ததையும் அவர்தான் எனக்குச் சொன்னார். அதிலிருந்துதான் எல்லாம் வந்ததாம்.

"சினிமான்னு ஒண்ணு கெடையவே கெடையாதுலே" என்றார். "அம்புட்டும் நிக்கிற படம். நடுவுல இருட்டு. அந்த இருட்டை நம்ம கண்ணே நிரப்பிக்கிடுது. ஒரு படத்தை உருவிட்டாலும் ஒருத்தனுக்கும் தெரியாது."

நான் திறந்த வாய் மூடாமல் கேட்டேன். காசு கொடுத்து இத்தனை வருஷம் இருட்டையா பார்த்தோம் என்று இருந்தது.

படத்துக்கு நட்சத்திரமெல்லாம் வேண்டாம், நம் பிள்ளை ஒன்று போதும் என்று முதலாளி சொல்லிவிட்டார். அவருக்குச் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையும் இருந்தது. அங்கே வேலை பார்த்த பேச்சியை அனுப்பினார்கள். எங்கள் ஊர்ப் பெண், பதினேழு வயது. அவள் அம்மா முத்தக்கா எங்களுக்கு அடுத்த தெரு. வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுகிறவள். புருஷன் இல்லை, இந்த ஒரு பெண்தான்.

படப்பிடிப்பைச் சொன்னால் சிரிப்பீர்கள். அண்ணாச்சி தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டு இருபத்துநாலு கோடு கிழித்தார். பேச்சி ஒவ்வொரு கோடாகத் திரும்பி நிற்க வேண்டும். சுற்றும்போது ஜடை பறக்க வேண்டுமே? ஜடை நுனியில் கறுப்பு நூல் கட்டி, அதைப் பிடித்து இழுக்க என்னை நிறுத்தினார்கள். லேபிள் அளவு சொல்லப் போனவன் நூல் பிடிக்கிறவன் ஆனேன். முதல் படம் முழு முதுகு. பாதிச் சுற்றில், பதிமூன்றாவது படம் நேர் முகம். அதற்கு நான் பின்திரைக்குள் ஒளிந்துகொண்டு நூலை இழுத்தேன். "இப்பச் சிரி தாயி" என்று அண்ணாச்சி சொன்னது கேட்டது. எனக்குத் தெரிந்தது ஜடையும் நூலும்தான்.

பஸ்ஸில் திரும்பும்போது பேச்சி சொன்னாள்: "அண்ணே, எங்கம்மாட்ட சொல்லிராதீக. பெட்டி ஒட்டையில லேபிளப் பிரிச்சு அவளாப் பாக்கட்டும். அவ மூஞ்சி எப்படிப் போகுதுன்னு நான் பாக்கணும்."

தகட்டுக்கான அடுக்கு தயாரானது. முதலாளி வந்தார். இருபத்துநாலும் எல்லோருக்கும் கிடைத்துவிட்டால் ஊருக்கெல்லாம் சைக்கிள் கொடுப்பதா? ஒரு நம்பரை நிறுத்திவைக்க வேண்டும். அதுவும் எல்லோரும் தேடுகிற நம்பராக இருக்க வேண்டும். "நேரா மூஞ்சி தெரியுதே, அத எடுத்துரு" என்றார். நான் பதிமூன்றை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பன்னிரண்டை இன்னொரு தடவை ஒட்டினேன். பதிமூன்றைப் பிறகு தனியாகக் கொஞ்சம் அடித்துக்கொள்ளலாம் என்று பேச்சு. அந்தப் பிறகு வரவேயில்லை. நானும் கேட்கவில்லை. அன்றைக்கு எனக்கு அது பெரிய சாமர்த்தியமாகத்தான் பட்டது. ஓரம்கூடப் பிசகாமல் மாற்றிவிட்டேனே என்று முதுகில் ஒரு தட்டு வேறு கிடைத்தது.

ஆடி மாதம், தீபாவளி ஆர்டருக்கு ஆலைகள் மும்முரமாக இருந்த நேரம். ஒரு நாள் பகல் பதினொரு மணிக்கு அந்தச் சத்தம் கேட்டது. எங்கள் பக்கத்தில் அந்தச் சத்தத்துக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எந்தத் திசை என்று மட்டும் பார்ப்பார்கள். பேச்சி வேலை பார்த்த அறை இருந்த இடத்தில் சுவர்கூட மிஞ்சவில்லை. முத்தக்காவுக்கு மூடிய துணியைத்தான் காட்டினார்கள். முகத்தைத் திறக்க அவளை யாரும் விடவில்லை. திறந்து காட்ட ஒன்றுமில்லை என்று தூக்கியவர்கள் என்னிடம் சொன்னார்கள்.

இதற்கு மேல் ஓர் அதிர்ச்சி இருக்காது என்று நினைத்தேன். இருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், கம்பெனி ஆள் வழக்கம்போல முத்தக்கா வீட்டில் பெட்டி மடிக்க மரச்சீவலும் லேபிள் கட்டும் இறக்கிவிட்டுப் போயிருக்கிறான். அச்சடித்தது அடித்தாயிற்று, லோடு போய்த்தானே ஆக வேண்டும்? பசையைக் காய்ச்சி வைத்துக்கொண்டு அவள் கட்டைப் பிரித்திருக்கிறாள். தெருவே அவள் அலறல் கேட்டு ஓடியது. நானும் ஓடினேன். தரையெல்லாம் பேச்சி கிடந்தாள். முதுகு, தோள், பாதிக் கன்னம், ஜடை. நூற்றுக்கணக்கில்.

பேச்சிக்கு அதுவரை ஒரு போட்டோ கிடையாது.

முத்தக்கா வேலையை விடவில்லை. ஒவ்வொரு நம்பரிலும் ஒன்று எடுத்து வைத்து, ஓரத்தை ஊசிநூலால் தைத்து, கட்டைவிரலால் விட்டுப் பார்ப்பாள். பேச்சி சுற்றுவாள். அக்கம்பக்கமெல்லாம் வந்து பார்த்தது. செத்தவள் நடமாடுகிறாள் என்று சில பெண்கள் அந்த வீட்டுப் பக்கம் போகவே பயந்தார்கள். எவருக்கும் ஒரு படம் குறைவது தெரியவில்லை. அண்ணாச்சி சொன்னது சரிதான். ஆனால் பெற்றவள் கண் அந்த இருட்டை நிரப்பிக்கொள்ளவில்லை.

"தம்பி, பன்னெண்டுதான் ரெட்டை ரெட்டையா வருது. பதிமூணு வரவேயில்லயே?" என்று என்னிடம் கேட்டாள். "அங்கிட்டுப் பாக்கா, இங்கிட்டுப் பாக்கா, என்னயப் பாக்க மாட்டேங்காளே."

"அது வேற கட்டுல வரும்க்கா" என்றேன்.

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன் பாருங்கள். அதற்குப் பிறகு ரெண்டு வருஷம் அவள் ஒவ்வொரு கட்டையும் பிரித்துப் பார்த்துத்தான் ஒட்டினாள். சாத்தூர் போனாலும் கோவில்பட்டி போனாலும் பஸ் ஸ்டாண்டில் கிடக்கிற காலிப் பெட்டியைக் குனிந்து எடுத்து நம்பர் பார்ப்பாள். நான் எதிரில் வந்தால் ஆவலோடு முகத்தைப் பார்ப்பாள். நான் தெரு மாறிப் போகப் பழகினேன். சும்மா இருக்கவும் முடியாமல் ஒரு நாள் அண்ணாச்சியிடம் ஓடினேன். அந்தக் கண்ணாடி நெகட்டிவை வைத்து ஒரு படம் போட்டுத் தாருங்கள் என்றேன். "அத அப்பவே சோடாத் தண்ணியில ஊறப்போட்டு, மேல இருந்த மருந்தச் சொரண்டிட்டேனே. சாமி படத்துக்குக் கண்ணாடியா மாட்டியாச்சு" என்றார். எங்களுக்கு அனுப்பியிருந்த போட்டோவை முதலாளி வாங்கிப் போயிருந்தார். கம்பெனியில் கேட்டதற்கு, எந்தப் போட்டோ என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள்.

பிறகு கம்பெனி லேபிளை மாற்றியது. பேச்சி போய் ஒரு பச்சைக்கிளி வந்தது. அன்று சாயங்காலம் முத்தக்கா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "இனிமே வராதா தம்பி?"

எல்லாவற்றையும் சொன்னேன். எடுத்தது யார், ஒட்டினது யார், எல்லாம். அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருக்கலாம்.

"அப்ப நீங்க அந்தப் படத்தப் பாத்திருக்கீக" என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை, ஆசை இருந்தது.

"பாத்தேன்க்கா."

"சிரிச்சாளா?"

"சிரிச்சிச்சுக்கா."

"பல்லுத் தெரியவா, தெரியாமலா?"

அவளே சொன்னாள். "செறுபிள்ளையில கெணத்து மேட்டுல விளுந்து முன்பல்லு பாதி ஒடஞ்சிருச்சு. அதுக்குப் பெறவு வாயை மூடித்தான் சிரிப்பா. மனசு நெறஞ்சு, தன்ன மறந்தாத்தான் பல்லுத் தெரியும். எங்கிட்ட மட்டுந்தான் அப்படிச் சிரிப்பா. அந்தப் படத்துல எப்படிச் சிரிச்சா தம்பி?"

அந்தப் படத்தை அரை நாள் கையில் வைத்திருந்தவன் நான். அதன் நாலு ஓரமும் எனக்கு இன்றைக்கும் தெரியும். மூலையில் பதிமூன்று என்ற எண் சற்றுத் தடிப்பாக இருந்தது தெரியும். ஜடை நுனியில் நூல் தெரிகிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தது தெரியும். முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தும் பார்க்கவில்லை.

"தெரியலக்கா" என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு என்னிடம் எதையும் கேட்டதில்லை.

முத்தக்கா போய் நாளாயிற்று. தைத்து வைத்திருந்த அந்த லேபிள் புத்தகத்தையும் அவளோடு வைத்துவிட்டார்கள். அண்ணாச்சியின் ஸ்டுடியோ இருந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. அச்சகத்தில் தகடு அடுக்க ஆள் தேவையில்லை. அந்த முதலாளி எந்த வருஷம் போனார் என்றுகூட எனக்கு ஞாபகமில்லை.

அந்த இளைஞர் கிளம்பும்போது போனை மறுபடி என் முன்னால் நீட்டினார். பேச்சி சுற்றினாள். திரும்பினாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். பல் தெரிந்தது. முன்வரிசைப் பல் அத்தனையும் முழுசாக, ஒன்றும் உடையாமல்.

"இப்படித்தானே சார் இருந்தாங்க?" என்றார்.

"தெரியல தம்பி" என்றேன்.