அக்கா வைத்த நேர்த்தியும் நான் குளிக்காத மொண்டெல்லோவும்

சிசிலியின் படங்களைப் பார்த்து ஆசைப்பட்டு நான் பலேர்மோவுக்குப் போகவில்லை. அங்கே என் அக்கா இருக்கிறாள். நான் ரொறன்ரோவில். பதினொரு வருடமாக எங்களுக்குள் வீடியோ கோல் மட்டும்தான். இந்த மே மாதம் நான்கு நாள் லீவு கிடைத்ததும் ரிக்கெட் எடுத்துவிட்டேன்.

விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம், ஆறேழு யூரோ. இடப்பக்கம் இருங்கள், கடல் தெரியும்.

அக்கா நகர நடுவில் பொலிதேயாமா அரங்குக்குப் பக்கத்தில் ஒரு வயதான சின்யோராவை, இத்தாலிய அம்மாவை, வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்கிறாள். ஞாயிறு மட்டும்தான் ஓய்வு, அதுவும் மாலை ஆறு மணிவரை. ஆட்கள் வந்துபோவது சின்யோராவுக்குப் பிடிக்காது. ஆகவே வெள்ளியும் சனியும் தனியாகச் சுற்றினேன். பல்லரோ சந்தையில் சோற்றை உருட்டிப் பொரித்த அரஞ்சினா சாப்பிட்டேன், நல்ல ருசி. ஆனால் மனம் அதில் இல்லை. சனி பின்னேரம் அக்காவின் தெருவில் போய் நின்றேன். மூன்றாம் மாடியில் உடுப்புக் காயப்போட வந்தவள் கையைக் காட்டிவிட்டு உள்ளே ஓடினாள். இவ்வளவு தூரம் பறந்து வந்தும் அண்ணாந்து பார்க்கத்தான் கிடைத்தது. அழுகை வந்துவிட்டது, சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஞாயிறு மொண்டெல்லோ கடற்கரைக்குப் போவதாகத் திட்டம். இரண்டு துவாய்கூட வாங்கி வைத்திருந்தேன். அக்காவோ என்னை பெல்லெக்ரீனோ மலையடிக்குக் கூட்டிப்போய்ச் செருப்பைக் கழற்றினாள். மேலே குகைக்குள் பலேர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் கோயில். சைவமோ கிறிஸ்தவமோ, பலேர்மோவில் இருக்கும் எங்கள் தமிழ்ச் சனம் ஞாயிறில் அங்கே ஏறும்.

"நீ வந்தால் உன்னையும் கூட்டிக்கொண்டு வெறுங்காலோடை ஏறுறனெண்டு நேர்த்தி வைச்சனான், தம்பி."

"விசரே உனக்கு? கிடைச்சதே ஒரு நாள்!"

"ஓம், விசர்தான். நீ வந்திட்டாயெல்லே? தாறனெண்டதைக் குடுக்காமல் போய்க் கடலிலை குளிக்கவோ?"

முகத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். ஒன்றரை மணி நேர ஏற்றம் என்கிறார்கள். அக்காவின் முழங்காலுக்கு அது அரை நாள். ஒவ்வொரு வளைவிலும் குந்தியிருந்து மூச்சு வாங்கினாள். இருக்கும்போதெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு கதைத்தாள். கோபம் எந்த வளைவில் போனதென்று தெரியவில்லை.

குகைக்குள் பாறை நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அக்கா மெழுகுதிரி கொளுத்திக் கண்ணை மூடியவள் நெடுநேரம் திறக்கவில்லை. பிறகு மலையின் மறுபக்கத்தில் குந்தியிருந்து, அவள் கட்டி வந்த புட்டையும் மீன்குழம்பையும் சாப்பிட்டோம். கீழே நீலமாகக் கடல்.

"அந்தா உன்ரை மொண்டெல்லோ. வடிவாப் பார்."

இறங்கும்போது பஸ்ஸில் மெல்லச் சொன்னாள்: "திரும்பவும் ஒரு நேர்த்தி வைச்சிட்டன்."

"இனி என்ன, முழங்காலிலை ஏறப்போறியோ?"

"நானில்லை. உன்ரை பேரிலை வைச்சனான். நீதான் வந்து ஏறவேணும்."

போக நினைப்பவர்களுக்கு: மலைக்குக் காலையிலேயே தண்ணீரோடு கிளம்புங்கள். முழங்கால் நோவென்றால் 812ஆம் பஸ் கோயில்வரை போகும். மொண்டெல்லோவைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். ஈரம் படாத துவாய் இரண்டையும் அக்காவிடமே விட்டு வந்தேன்.

எனக்குச் சாமி நம்பிக்கை பெரிதாக இல்லை. அது அக்காவுக்கும் தெரியும். அவள் வைத்த நேர்த்தியை நான் தட்டமாட்டேன் என்பதும் தெரியும்.