வாங்கு சொல்லும் நேரம்

எண்பதுகளின் தொடக்கத்தில் இலங்கையின் கிழக்கில் ஒரு மறியலில், சிறைச்சாலையில், காவலராக இருந்தேன். சொந்த ஊர் சாய்ந்தமருது. வேலைக்குப் போன முதல் நோன்பு மாதத்திலேயே அந்த இடத்தின் ஓட்டை எனக்குத் தெரிந்துவிட்டது.

1. கேற்றடி

பின்னேர டியூட்டியில் பெரும்பாலும் முஸ்லிம்கள்தான். பொழுது சாய, மஃரிப் தொழுகைக்குப் பள்ளிவாசலில் வாங்கு சொன்னதும் எல்லாரும் நோன்பு திறக்கக் பெரிய வாயிலோரக் கேற்றடி அறைக்கு ஓடுவோம். பேரீச்சம்பழம், கஞ்சி. அந்தக் கொஞ்ச நேரம் கைதிகள் ஒன்றாய்ப் படுக்கும் ஹோலைப் பார்க்க ஆளிருக்காது. கத்தியாகத் தீட்டிய கரண்டிப் பிடி வெளியே வருவது அப்போதுதான். மற்ற நேரத்தில் எல்லாரும் நல்ல பிள்ளைகள்.

இராசையா தம்பிலுவில் ஊர் மீனவர். தோணித் தகராறில் ஒருவரை வெட்டி நீண்ட தண்டனை பெற்றவர். ஹோலை ஆட்டிப்படைத்த பழைய கைதி ஒருவன், வீட்டிலிருந்து வரும் பீடியையும் குளிக்கிற சவர்க்காரத்தையும் கேட்டு அவரை அடித்தான். இராசையா அதை எங்களிடம் சொல்லிவிட்டார். மறியலில் அதைவிடப் பெரிய குற்றம் இல்லை.

"ஐயா, வாங்கு சொன்னா எனக்கு ஈரக்குல நடுங்குது. அந்த நேரம் மட்டும் ஒராள் நில்லுங்க."

ஜெயிலரிடம் போய்ச் சொன்னேன்.

"மறியல்ல அடி விழாம பூவா விழும்? போய் வேலையப் பாரும்," என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பி டியூட்டிக்கு வந்தேன்.

2. டானியல்

டானியல் எங்களோடு வேலை செய்த கல்முனை வேதக்காரர், கிறிஸ்தவர். ஜெயிலர் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார். எங்களை அண்ணன் முறையில் 'காக்கா' என்றுதான் கூப்பிடுவார்.

"காக்கா, நீங்க போய் நோன்பத் திறங்க. நான் ஹோல் வாசல்ல நிக்கிறன். கஞ்சியில மட்டும் எனக்குப் பங்கு வையுங்க."

ஒவ்வொரு நோன்புக்கும் நின்றார். நத்தாருக்கு, கிறிஸ்து பிறப்புக்கு, அவருடைய டியூட்டியை நாங்கள் பார்த்தோம். எந்த உத்தரவும் இல்லாமலே அந்த நேரத்து இரத்தம் நின்றது.

பிறகு ஊரில் தமிழரும் முஸ்லிம்களும் முட்டிக்கொண்ட வருடம் வந்தது. தமிழர் என்று டானியலை வேறிடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அந்த நோன்பில் வாசலில் நானே நிற்கிறேன் என்றேன். ஜெயிலர் என்னை வெளிக் கேற்றுக்குப் போட்டார்.

முதல் நாள் வாங்கு கேட்டது. அதன் பின்னாலேயே ஹோலிலிருந்து அலறல். நான் ஓடிப் போகையில் இராசையா வாசலருகே கிடந்தார். குத்து விலாவில். நோன்பு திறக்க வைத்திருந்த தண்ணீர் என் கையிலேயே இருந்தது. வாயில் ஊற்றினேன்.

"டானியல் ஐயா வந்திட்டாரா?" என்றார்.

"ஓம், வந்திட்டார்," என்றேன்.

ஆஸ்பத்திரிக்கு உயிரோடு போய்ச் சேரவில்லை.

3. பூட்டு

மறுநாள் ஹோலுக்கு இரண்டாவது பூட்டுப் போட்டார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். கொன்றவனும் அதே பூட்டுக்கு உள்ளேதான் இருந்தான்.

இப்போது வேலைக்குச் சேரும் தம்பிமாருக்கு ஒன்று சொல்வேன். பூட்டை எண்ணுவதற்கு முன், ஹோலில் எல்லாரிடமும் அடி வாங்குகிறவனைத் தேடிப் போங்கள். எந்த நேரத்துக்குப் பயப்படுகிறாய் என்று கேளுங்கள். இராசையா நாங்கள் கேட்காமலே சொன்னார்.