நானே தேடிப் போன நோயாளி

கள்வராயன் மலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் செவிலியர். வீடு கள்ளக்குறிச்சியில். காலை ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். டிபன் டப்பாவைத் திறக்க மதியம் மூன்று மணி ஆகும். சில நாள் திறக்காமலே வீடு திரும்பும். நடுவில் வயிற்றுக்குள் போவதெல்லாம் டீயும் பிஸ்கட்டும்தான். வாரத்தில் இரண்டு நாள் பிரசவ டியூட்டி, தூக்கம் கிடையாது. யூனிபார்மை இரண்டு முறை பிரித்துத் தைத்தாயிற்று.

ஒருநாள் மலைக்கிராமம் ஒன்றில் சர்க்கரை பரிசோதனை முகாம். யாரும் விரலை நீட்டவில்லை.

"ரத்தத்த எடுத்துக்கினு போயி இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டார் ஒருவர்.

வலிக்காது என்று காட்ட என் விரலையே குத்தி மெஷினில் வைத்தேன். கூட்டமே எட்டிப் பார்த்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு.

"இது ஜாஸ்தியா, கம்மியா?"

"ஜாஸ்திதாங்க."

அவ்வளவுதான், அவர்களுக்குப் பயம் விட்டுப்போனது. வரிசையில் நின்றார்கள். நூறு, நூற்றுப் பத்து என்று வந்தது. தன் எண்ணைக் கேட்டதும் ஒவ்வொருவரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். சாமை அறுப்பை விட்டுவிட்டு வந்திருந்த ஒரு பெண், நான் கொடுத்த நோட்டீஸை எழுத்துக்கூட்டி எனக்கே படித்துக் காட்டினார்.

"நேரத்துக்குச் சாப்பிடணுமாம், நல்லாத் தூங்கணுமாம். கேட்டுக்கினீங்களா சிஸ்டர்?"

"சரிங்க" என்றேன்.

அளவு கூடினால் பதிவு செய்தே ஆகவேண்டும். என் பெயரை நானே பதிவு செய்தேன். முகவரியைப் பார்த்து, டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து வாங்கச் சொன்னது கம்ப்யூட்டர். அங்கே சர்க்கரைக்குப் பார்ப்பது காலையில் மட்டும். அந்த நேரம் நான் மலையில் இருப்பேன், மற்றவர்களுக்குச் சர்க்கரை மாத்திரை கொடுத்துக்கொண்டு. இரண்டு முறை லீவு கேட்டேன். மாற்று ஆள் இல்லை என்றார்கள்.

மூன்று மாதம் கழித்து மேற்பார்வை மேடம் போன் செய்தார்.

"சிஸ்டர், உங்க லிஸ்ட்ல ஒரு பேஷண்ட் ஆஸ்பத்திரிக்கே வர்ல. வூட்டுக்குப் போயி பாத்தீங்களா?"

"மேடம், அது நான்தாங்க."

"அது தெரியுது. வூட்ல போயி பாத்தீங்களா இல்லியா? அந்தக் கட்டம் காலியா இருக்கு."

"தினமும் பாத்துக்கினுதாங்க இருக்கேன்."

"இன்னா சொல்றாங்க?"

எனக்கு வேறு வழி தெரியவில்லை. "டியூட்டி இருக்குதாம். வர முடியலியாம்."

"அப்டியே வுட்றாதீங்க. எடுத்துச் சொல்லுங்க."

சொல்கிறேன் என்று போனை வைத்தேன். சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. பேச்சுக்கு நடுவே அவர் பிரஷர் மாத்திரை விழுங்கியது எனக்குக் கேட்டது.

அடுத்த வாரம் உத்தரவே வந்துவிட்டது: சிகிச்சைக்கு வர மறுக்கும் நோயாளியைச் செவிலியர் நேரில் அழைத்துச் செல்ல வேண்டும். அந்த நாள் லீவு இல்லை, டியூட்டிக் கணக்கு. டவுன் ஆஸ்பத்திரி சீட்டு எழுதும் இடத்தில் கேட்டார்கள்.

"பேஷண்ட் யாரு?"

"நான்தாங்க."

"கூட வந்தவங்க?"

"அதுவும் நான்தாங்க."

எழுதுபவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டு இடத்திலும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

இப்போது மாதம் ஒருமுறை என்னை நானே அழைத்துப் போகிறேன். சர்க்கரை இருநூற்றுக்குக் கீழே இறங்கியிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகும் அந்த ஒரு நாள் மட்டும் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து மெஸ்ஸில் ஒரு மணிக்கே இலை போட்டுச் சாப்பிடுகிறேன்.