பச்சையாக எரிந்த தூள்

நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இது 1953-ல், திருவொற்றியூர்ப் பல்பொடிக் கம்பெனி ஒன்றில், பட்டப்பகலில் கருணாகரனுக்கு நடந்தது.

அவனுக்கும் ஹுமாயூனுக்கும் பரிசோதனை அறையில் வேலை. பல்பொடிக்கு அடிப்படை சுண்ணாம்புத் தூள். துறைமுகத்திலிருந்து ஒரு மூட்டை மழையில் நனைந்து, எழுத்தெல்லாம் அழிந்து வந்து சேர்ந்தது. ஹுமாயூன் ஒரு சிட்டிகை எடுத்து ஆசிட் விட்டான். நுரைத்தது. சுண்ணாம்புதான் என்று சொல்லி ஒரு பொட்டலம் வீட்டுக்கு எடுத்துப் போனான். புது மூட்டை வந்தால் பரிசோதித்தவனே முதலில் பல் விளக்கிப் பார்ப்பது அங்கே வழக்கம்.

மறுநாள் அவன் வரவில்லை. கருணாகரனுக்கோ மனசு கேட்கவில்லை. பேரியம் கார்பனேட் என்ற விஷத்தூளும் அப்படியே நுரைக்கும். உள்ளே இருக்கும் உலோகம் எதுவென்று தீயில் காட்டினால்தான் தெரியும். சுண்ணாம்பு செங்கல் சிவப்பாக எரியும், பேரியம் பச்சையாக. கருணாகரன் பரிசோதனைச் சீட்டில் கையெழுத்துப் போட்டால் தூள் பிள்ளைகளின் வாய்க்குப் போய்விடும்.

மணி மூன்று பத்து. கம்பியில் தூளைத் தொட்டு ஸ்பிரிட் விளக்கில் காட்டினான்.

பச்சை.

"செவப்புதான் கருணா."

பின்னால் ஹுமாயூன். கதவு திறந்த சத்தமே இல்லை. உதட்டோரம் வெள்ளைத் தூள்...

"பச்சையா கீதே?"

"கண்ணு பேஜாரா? இன்னொரு வாட்டி பாரு."

பார்த்தான். இப்போது சிவப்பு.

ஹுமாயூன் முக்காலியில் உட்கார்ந்தான். எப்போதும் கிறீச்சிடும் முக்காலி. இன்று... சத்தமில்லை.

"கையெழுத்து போடு, தோஸ்து."

நாலு வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவன் சொல்கிறான். போட்டான். கூலியாள் சீட்டோடு மூட்டையைத் தூக்கிப் போனான்.

திரும்பினால்... முக்காலி காலி.

மூன்று இருபத்தைந்து. காவல்காரர் ஓடி வந்தார்.

"ஹுமாயூன் பூட்டாம்பா! காலைல பல் வெளக்கினதுலேர்ந்து வாந்தியாம். பன்னெண்டு மணிக்கே உசுரு பூடுச்சு!"

கருணாகரன் கலவைக் கொட்டகைக்கு ஓடினான். தொட்டிமேல் சாய்ந்திருந்த மூட்டையை இழுத்துக் கீழே தள்ளினான். அப்புறம்தான் ஆத்திரம் வந்தது. உன்னைக் கொன்ற விஷத்தைப் பிள்ளைகளுக்கு ஊட்டவா என் கையெழுத்தை வாங்கினாய், துரோகி? நம்பினேனே! வாய்விட்டு அழுதான்.

சாயங்காலம் ராயபுரத்தில் ஹுமாயூன் வீட்டில், திரைக்குப் பின்னாலிருந்து அவன் மனைவி சபீஹா பேசினாள்.

"அப்போ அனுப்ப ஆளு கெடைக்கலே அண்ணே. கடைசி வரைக்கும் அவரு ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிகினு இருந்தாரு. 'கருணாகிட்ட ஓடு... அது சுண்ணாம்பு இல்லே, கையெழுத்து போட வாணாம்னு சொல்லு'ன்னு."